சுட்ட மீனும் அதன் வெஞ்சனமும்

சென்ற மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சென்னையில் வசிக்கும் என் அண்ணன் மகள் தொலைபேசியில் அழைத்தாள். ஓவன் என்று சொல்லப்படும் மின்சார அடுப்பொன்றைத் தான் புதிதாக வாங்கியிருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமையன்று தன் மாமனாரையும் மாமியாரையும் விருந்துக்கு அழைத்திருப்பதாகவும், ஒரு கிலோ எடையுள்ள கொடுவாய் மீனை முழுதாகவே அந்த அடுப்பில் வைத்துச் சுட்டுப் பரிமாற உத்தேசித்திருப்பதாகவும் சொல்லிவிட்டு, "சித்தப்பா, மீன் எப்படிச் சுடறதுன்னு படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். தொட்டுக்க என்ன வைக்கிறதுன்னுதான் புரியல. உங்களுக்குத்தான் பழவேற்காட்டுச் சாப்பாடு நல்லாத் தெரியுமே" என்று கேட்டாள். அவள் படித்த குறிப்புகளிலெல்லாம் வெண்ணெய் தடவிய உருளைக்கிழங்கும் அவித்த பீன்ஸும் சொல்லப்பட்டிருந்தனவாம். அவை குளிர்ந்த கடல்களின் மீனுக்கு உகந்த துணைகள். அந்நாட்டார் தம் மீனை அறிந்து வகுத்த முறையை நான் குறைவாக மதிப்பவனல்லன். ஆனால், நம்முடைய கொடுவாய்க்கு அவை என்ன செய்யும் என்று யோசித்தபோது உடனே பதில் சொல்ல மனம் துணியாமல், மறுநாள் காலையில் சொல்லுவதாக அவளுக்கு வாக்களித்தேன்.

அன்றிரவு முதலில் என் நினைவுக்கு வந்தது ஒரு சொல். சென்னையிலும் அதற்கு வடக்கேயும் 'தொட்டுக்க' என்று நாம் சொல்லுவதை, மதுரைக்குத் தெற்கே உள்ளவர்கள் 'வெஞ்சனம்' என்று சொல்லுவார்கள். வியஞ்சனம் என்னும் வடசொல்லே அவ்வாறு திரிந்து வழங்குகிறது. வெளிப்படுத்துவது என்பது அதன் மூலப்பொருள். அம்மொழியில் சோற்றோடு சேர்த்துக்கொள்ளும் கறிக்கும் அதுவே பெயர், மெய்யெழுத்துக்கும் அதுவே பெயர். இவ்விரண்டும் ஒரே சொல்லில் வந்து கூடியது எனக்கு எப்போதும் ஆச்சரியத்தையும் ஆனந்தத்தையும் அளிப்பதுண்டு. மெய்யெழுத்தானது உயிரோடு கூடும்போதுதான் வாயில் நன்றாக நின்று ஒலிக்கிறது; அதுபோலவே, தொடுகறியானது தன்னந்தனியே நின்று கீர்த்தி தேடிக்கொள்வதற்கு உரியதன்று; இலையிலே பிரதானமாக அமைந்த பதார்த்தத்துக்குள் மறைந்துகிடக்கும் ருசியை வெளியே கொண்டுவந்து காட்டுவதே அதன் தர்மம். சுட்ட மீனைப் பொறுத்தவரையில் இது இரட்டிப்பு உண்மை. குழம்பில் இட்ட மீன் புளியையும் மிளகாயையும் தனக்குள் வாங்கிக்கொண்டுவிடுகிறது; பொரித்த மீனுக்கு எண்ணெயும் மசாலாவும் மேலாடையாகின்றன; சுட்ட மீனோ தன்னுடைய சொந்த ஸ்வபாவத்தோடு மட்டும் நம் முன்னே வருகிறது. அதற்குத் துணையாக எதை வைக்கிறோம் என்பதில்தான் சமைத்தவரின் விவேகம் தெரியும்.

எனக்கு இந்த விவேகத்தைப் போதித்தவர், பழவேற்காட்டு ஏரிக்கரையில் உள்ள கோட்டைக்குப்பத்தில் இருந்த என் மாணவன் ஒருவனுடைய தாயார். 1990களின் தொடக்கத்தில் நான் பொன்னேரியில் ஆசிரியனாக இருந்தேன். விடுமுறை நாட்களில் பேருந்தேறிப் பழவேற்காட்டுக்குச் சென்று, ஏரிக்கரையில் அந்திவரையில் உலாவிவிட்டுத் திரும்புவது என் வழக்கம். கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், மழை ஓய்ந்து, பூநாரைகள் வந்து இறங்கி, தொலைவில் தண்ணீருக்கு மேலே ஒரு வெளிறிய சிவப்புக் கோடு போலத் தெரிந்துகொண்டிருந்த காலையில், அந்தப் பையன் என்னைக் கண்டு விடாப்பிடியாகத் தன் வீட்டுக்கு அழைத்துச் சென்றான். வீட்டின் பின்புறத்தில் பனைமட்டையையும் தேங்காய் மட்டையையும் எரியவிட்டு, சுவாலை அடங்கிச் செந்தணலாக நின்ற பக்குவத்தில், அவன் தாயார் இரண்டு மடவை மீன்களை அத்தணலின்மேல் கிடத்தினார். செவுளையும் குடலையும் நீக்கி, வயிற்றுக்குள் உப்பும் மஞ்சளும் தடவியிருந்தாரே தவிர, செதிலை அவர் உரசவே இல்லை. ஒருமுறை மட்டும் திருப்பிப் போட்டு, இருபுறமும் கரிந்தவுடன் எடுத்து இலையில் வைத்து, கரிந்த தோலைச் செதிலோடு சேர்த்து ஓர் உறையைக் கழற்றுவதுபோல உரித்தபோது, உள்ளே இருந்த சதை ஆவி பறக்க, தும்பைப்பூவின் வெண்மையோடு வெளிப்பட்டது. "செதில்தான் சார் அதுக்குச் சட்டி" என்றார் அந்த அம்மையார்.

அதற்கு அவர் வைத்த துணைகள் மூன்று. அலுமினியக் கிண்ணத்தில் நொய் சேர்த்துக் காய்ச்சிய கேழ்வரகுக் கூழ். புளிச்சகீரையைக் காய்ந்த மிளகாயோடு வதக்கிக் கடைந்த தொக்கு. கையால் நசுக்கிய சின்ன வெங்காயத்தோடு, கோடையிலேயே ஜாடியில் போட்டு வைத்திருந்த உப்பு மாங்காயில் ஒரு துண்டு. இவ்வளவுதான். மீனில் ஒரு விள்ளல், தொக்கில் விரல்நுனி அளவு, பின்பு ஒரு வாய்க் கூழ் என்று மாறி மாறி உண்டபோது, மடவையின் கொழுப்பு ஒவ்வொரு முறையும் புளிப்பினால் கழுவப்பட்டு, அடுத்த விள்ளல் முதல் விள்ளலைப் போலவே புதிதாக இருந்ததை நான் இன்றளவும் மறக்கவில்லை. "என்றைக்கும் இந்தத் தொக்குத்தானா, அம்மா?" என்று நான் கேட்டதற்கு அவர், "மீன் கைக்கு வந்தப்பறம்தான் சார் தொட்டுக்க என்னான்னு யோசிக்கணும். மீனப் பாக்காம கீரைய அரியக்கூடாது" என்று பதில் சொன்னார்.

மீனைப் பார்த்த பிறகே கீரையை அரிய வேண்டும் என்ற அந்த நியதி, அந்த ஏரியின் இயல்பிலிருந்தே பிறந்தது என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது. பழவேற்காடு ஏரி சுமார் 60 கிலோமீட்டர் நீளமுள்ளது. நம் நாட்டு உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாகப் பெரியது. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது. ஸ்ரீஹரிகோட்டாத் தீவு அதற்கும் வங்கக்கடலுக்கும் இடையே வரப்பைப்போலக் கிடக்கிறது. தெற்கே ஆரணியாறும் வடக்கே காளங்கி முதலிய ஆறுகளும் மழைக்காலத்தில் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும்போது, ஏரிநீரின் உப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அந்த ஜலமே கோடையில் வெயிலால் வற்றி, கடல்நீரைக் காட்டிலும் உவர்ப்பேறிப் போவதுமுண்டு. மடவையோ, ஐப்பசி கார்த்திகையில் முட்டையிடுவதற்காகக் கடலை நாடிப் புறப்படும் சமயத்தில் கொழுத்துச் சினை பிடித்திருக்கும். மற்றப் பருவங்களில் அதே மீன் மெலிந்த சதையோடு வரும். ஆகவே, கார்த்திகை மடவைக்குப் பொருந்திய புளிச்சகீரையைச் சித்திரை மடவைக்கும் வைத்தால், வெறும் புளிப்பு மட்டுமே நாவில் மிஞ்சும். சித்திரையில் அந்த அம்மையார் தொக்கை எடுப்பதில்லை. பருப்பைக் கடைந்து அதில் ஒரு கரண்டி நல்லெண்ணெய் விடுவார்.

புளிப்புக்கும் சுட்ட மீனுக்கும் உள்ள உறவைக் குறித்து இரசாயன நூலார் சொல்லும் விளக்கம் ஒன்றுண்டு. கடல்நீரிலும் உவர்நீரிலும் வாழும் மீன்கள், நீரின் உப்பைத் தாங்கும்பொருட்டு உடலில் சேமித்து வைத்திருக்கும் ஒரு பொருள், மீன் இறந்தபின் நுண்ணுயிர்களால் சிதைந்து டிரைமெத்திலமைன் என்பதாக மாறுகிறது. நாம் மீன்வாடை என்று சொல்லுவது பெரும்பாலும் இதைத்தான். இது காரத்தன்மை உடையதாகையால், புளியோ எலுமிச்சையோ மாங்காயோ பட்டவுடன் அமிலத்தோடு கூடி ஆவியாகப் பறக்கும் சக்தியை இழந்துவிடுகிறது. இந்த விளக்கம் தோன்றுவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே மீன் தின்னும் ஜனங்கள் எல்லோரும் இதை நாவினால் அறிந்திருந்தார்கள். தைக்ரிஸ் நதிக்கரையிலுள்ள பாக்தாத் நகரத்தார், கெண்டை இனத்து மீனை முதுகுப்புறமாகப் பிளந்து விரித்து, நெருப்புக்கு எதிரே நிறுத்தி நிதானமாகச் சுட்டு, மஸ்கூஃப் என்ற பெயரால் உண்கிறார்கள். அதற்கு அவர்கள் வைக்கும் துணைகளில் வெங்காயமும் ரொட்டியும் தவிர, அம்பா என்னும் மாங்காய் ஊறுகாயும் ஒன்று. அந்தப் பெயரே, மாவைக் குறிக்கும் ஆம்ரம் என்ற வடசொல்லின் வழிவந்தது. வாணிகரின் மூலமாக நம் தேசத்திலிருந்து அங்கே சென்றது. கோட்டைக்குப்பத்து ஜாடியில் ஊறிய மாங்காயும் பாக்தாத்தின் அம்பாவும் ஒரே காரியத்தைச் செய்துகொண்டிருக்கின்றன என்று எண்ணும்போது மனம் குளிர்கிறது.

ஆனால் எல்லா மீனுக்கும் புளிப்பே மருந்து என்று கொள்ளுவது தவறு. கிழங்கான் மிக மிருதுவான மீன். அதன் இனிப்பு மெல்லியது. அதைச் சுட்டுவிட்டுப் பக்கத்திலே புளிச்சகீரையை வைப்பது, குழந்தை பேசிக்கொண்டிருக்கும்போது பறையை முழக்குவதற்கு ஒப்பாகும். அதற்குத் தேங்காயைப் பச்சைமிளகாய் ஒன்றுடன் மட்டும் சேர்த்து அரைத்த துவையலோ, உப்பும் மிளகும் தூவிய வெறும் சோறோ போதும். அந்தத் தேங்காயையே கார்த்திகை மடவைக்கு வைத்தால், கொழுப்பின்மேல் கொழுப்பு படிந்து இரண்டாவது விள்ளலிலேயே திகட்டிவிடும். பால்கெண்டையின் விஷயம் வேறு. அதன் சதை சுவையானது. ஆனால் நூலிழை போன்ற முள் அதில் எண்ணிலடங்காது. அதை உண்பவரின் கண்ணும் விரலும் நாவும் முள்ளிலேயே ஈடுபட்டிருக்க வேண்டியிருப்பதால், துணையாக வருவது எவ்வித சிரமமும் கொடுக்காததாக, கடைந்த கீரையாகவோ மசித்த பருப்பாகவோ இருக்க வேண்டும். ஒரு விருந்தில் பால்கெண்டையோடு முருங்கைக்காய்ச் சாம்பாரைப் பரிமாறியதைப் பார்த்தேன்; விருந்தாளிகள் மீன்முள்ளையும் காயின் சக்கையையும் மாறிமாறி எடுத்து இலையோரத்தில் வைப்பதிலேயே பொழுதைக் கழித்தார்கள். பிலிப்பைன்ஸ் தேசத்தார் இதே மீனை மிகவும் விரும்பி, தக்காளியையும் வெங்காயத்தையும் நறுக்கி அதன் வயிற்றுக்குள்ளேயே அடைத்துச் சுடுகிறார்கள். துணையை உள்ளேயே வைத்துவிடுவதால் வெளியே சோறு ஒன்றே போதுமானதாகிவிடுகிறது.

கேரளத்தின் கரிமீன் பொள்ளிச்சதும், பார்சிகள் கொத்துமல்லித் தேங்காய்ச் சட்டினியைப் பூசி வாழையிலையில் மடித்து வேகவைக்கும் பத்ரா நி மச்சியும் இந்த வகையைச் சேர்ந்தவையே. இவற்றுக்குப் பக்கத்தில் இன்னுமொரு காரமான கறியை வைப்பவர்கள், ஏற்கெனவே மணமான பெண்ணுக்கு மறுபடியும் வரன் பார்க்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

மோர், தயிர் விஷயத்தில் நம்மவருக்குள் பழைய நிஷேதம் ஒன்று இருக்கிறது. மீன் உண்ட அன்று தயிர் கூடாது என்று என் தாயார் உறுதியாகச் சொல்லுவார். கோட்டைக்குப்பத்து அம்மையாரும், மற்ற நாட்களில் மோர் விட்டுக் கரைக்கும் கூழை, மீன் சுடும் அன்று நீரும் உப்பும் மட்டும் சேர்த்தே கரைப்பார். வங்காளிகளோ தயிரிலேயே மீனை வேகவைத்து, தோய் மாச் என்று கொண்டாடுகிறார்கள். அவர்களுக்கு அதனால் ஒரு தீங்கும் நேரவில்லை. ஆகையால் உடம்புக்கு ஆகாது என்று நான் சொல்லமாட்டேன். தணலில் சுட்ட மீனின் புகைமணம் மோர் பட்டவுடன் மங்கிவிடுகிறது என்பது மட்டும் என் அனுபவம். அதற்காகவே நான் அந்தப் பழைய கட்டுப்பாட்டைப் பின்பற்றி வருகிறேன்.

கீரைகளில் ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, ஏரியின் ஆழமற்ற நீரில் கையால் துழாவியே இறால் பிடிக்கும் இருளர் பெண்கள், ஏரிக்கரையின் உவர்நிலத்தில் தானே படர்ந்து கிடக்கும் உமரியைப் பறித்துவருவதைக் கண்டிருக்கிறேன். மண்ணின் உப்பையெல்லாம் தன் சிறிய தடித்த இலைகளில் ஏற்றி வைத்திருக்கும் அந்தக் கீரையை, நீரில் கொதிக்கவிட்டு அந்நீரைக் கொட்டிவிட்டு, மறுபடியும் உப்பென்பதே போடாமல் வதக்குகிறார்கள். உப்பிடாமல் சுட்ட மீனுக்கு அதைவிடச் சிறந்த துணையை நான் உண்டதில்லை. மீனுக்கு வேண்டிய உப்பைக் கீரையே கொண்டுவந்து சேர்க்கிறது. சந்தையில் அது கிடைப்பதில்லை.

சுட்டதற்குத் துணை எது என்பது நம்மவரிடையே நேற்றுத் தோன்றிய பேச்சன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் கடல் இறாலைச் சுட்டும் வயல் ஆமையை வேகவைத்தும் தின்றதாக ஒரு செய்தி வருகிறது. சுட்டதற்குப் பக்கத்தில் வெந்ததை வைத்துப் பாடிய அந்தப் புலவர், வறண்டதற்கு ஈரமானது துணை என்ற உண்மையை எண்ணித்தான் பாடினாரோ இல்லையோ, உண்டவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்து நுளையர் வீட்டில் பாணர்களுக்குக் கிடைப்பதோ சுட்ட குழல்மீனும் தெளிந்த கள்ளும். அந்நாளில் மிளகாயும் இல்லை, தக்காளியும் இல்லை. அவை அமெரிக்காவிலிருந்து ஐரோப்பியக் கப்பல்களில் வந்தவை. 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்களும், அவர்களுக்கு முன்பே வந்துவிட்ட போர்த்துகீசியரும் வாழ்ந்த அந்தக் கரையிலே, ரொட்டி சுடும் அடுப்பும் எரிந்திருக்கத்தான் வேண்டும். போர்த்துகீசியரின் ஃபோர்னோ என்ற சொல் இன்றும் ஈழத்தமிழரிடையே போறணை என்று வழங்கிவருகிறது; நாம் அச்சொல்லைக் கொள்ளாமல் ஓவனுக்காகக் காத்திருந்தோம்.

அந்த மாணவனுடைய வீட்டில் சுட்ட மீன் நித்தியப்படியான உணவென்று நினைத்துவிடக் கூடாது. கோட்டைக்குப்பம் முதலிய ஊர்களில் 'பாடு' என்ற முறை தொன்றுதொட்டு இருந்துவருகிறது. ஏரியின் இன்ன துறையில் இன்ன நாளில் இன்னார் வலை வைக்கலாம் என்று முறை வைத்துக்கொண்டு, ஊரார் தமக்குள் பங்கிட்டுக்கொள்வார்கள். பாடு கிடைத்த நாளிலும் இறாலும் நண்டும் கொடுவாயும் வியாபாரியின் தராசுக்கே போகும். வீட்டுக்கு மிஞ்சுவது மடவையும் சிறு மீன்களுமே. பாடு இல்லாத நாளில் அதே தொக்கும் அதே வெங்காயமும் அதே கூழும் மீனில்லாமலே இலைக்கு வரும். முகத்துவாரம் மணலால் தூர்ந்து கடல்நீர் உள்ளே வருவது குறைந்துபோகும் காலங்களில், அப்படிப்பட்ட நாட்கள் அதிகமாகிவிடுகின்றன. மணலை அகற்றி அந்த வாயைத் திறந்து வைத்திருக்கவேண்டும் என்று அவ்வூரார் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்திருக்கிறார்கள். அவர்கள் கேட்டது முழுவதும் நியாயமானது.

இவ்வளவையும் நினைத்தபின், சனிக்கிழமை காலையில் அண்ணன் மகளை அழைத்து என் யோசனையைச் சொன்னேன். ஓவனில் உஷ்ணம் நான்கு புறமும் சமமாகச் சூழ்கிறது. அது பெரிய அனுகூலந்தான். ஆனால் தணலில் இருக்கும் புகை அங்கே இல்லை. அதோடு கொடுவாயின் சதை உறுதியாகவும் கொழுப்பு மிதமாகவும் இருப்பதால், சற்று அதிகமாக வெந்தாலும் உலர்ந்துபோகும். ஆகையால் அந்த மீனுக்கு வேண்டியவை இரண்டு: புகையும் ஈரமும். "பெரிய கத்தரிக்காய் ரெண்டை வாங்கி, எண்ணெய் தடவி, கேஸ் அடுப்பு நெருப்பிலேயே வாட்டு, அம்மா. தோல் நல்லாக் கரியணும். உரிச்சு, கையாலயே பிசைஞ்சு, சின்ன வெங்காயம், கொஞ்சம் புளி, உப்பு, கிள்ளின காய்ந்த மிளகாய் சேர்த்தா அதுவே புகையைக் கொண்டுவந்துடும். ஈரத்துக்கு மிளகு ரசம் வை, தெளிவா" என்றேன்.

"உருளைக்கிழங்கு வேண்டாமா, சித்தப்பா?"

"உன் மாமியாருக்குப் பிடிக்கும்னா வை. வெண்ணெய் மட்டும் வேண்டாம்; மிளகும் உப்பும் போட்டு, மீன் வேகற தட்டிலேயே அடியில பரப்பு. மீனிலிருந்து வடியற சாறை அது குடிச்சுக்கும்."

200 டிகிரியில் 25 நிமிஷம் வைத்து, முதுகெலும்பின் ஓரத்தில் கரண்டியால் நெம்பிப் பார்த்து, சதை எலும்பை விட்டு விலகினால் உடனே எடுத்துவிடும்படியும், பூவரசோ வாழையோ ஏதேனும் ஓர் இலையை மேலே மூடிச் சுடும்படியும் சொன்னேன். சோறு, ரசம், கத்தரிக்காய், மாங்காய்த் துண்டு இவற்றுக்கு மேல் எதுவும் வேண்டாமென்று வற்புறுத்தினேன்; விருந்தென்றால் ஏழெட்டுக் கிண்ணங்கள் வேண்டும் என்ற எண்ணத்தை அவளிடமிருந்து விலக்குவதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை இரவு அவள் மறுபடியும் பேசினாள். மீன் நன்றாக வந்ததாம். கத்தரிக்காயை அவளுடைய மாமனார் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டாராம். ஒரு கிலோ மீனில் வால்பக்கம் மட்டும் ஓர் உள்ளங்கையளவு மிஞ்சிவிட்டதாம். அதை மறுபடியும் சூடுபண்ண வேண்டாம் என்று சொன்னேன். கோட்டைக்குப்பத்திலே மிஞ்சிய மீனை அந்த அம்மையார் முள் நீக்கி உதிர்த்து, ஒரு பிடி சின்ன வெங்காயமும் இரண்டு பச்சைமிளகாயும் சேர்த்துப் பிசைந்து, மறுநாள் காலையில் பழைய சோற்றுக்குக் கொடுப்பார். இன்று சோற்றிலே தண்ணீர் ஊற்றி வைத்துவிடு, நாளைக் காலையில் அந்த மீன்தான் வெஞ்சனம் என்றேன்.